ஈட்டுப் பட்டியலில் ஆறு குறைகிறது

அக்டோபர் 9, வியாழன்

மாஸ்க் பெட்டிகள் இன்றும் வரவில்லை. அனுப்பும் கம்பெனிக்கு மூன்றாவது முறையாகப் போன் செய்தேன். "உங்க கம்பெனிக்கு அனுப்ப வேணாம்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றாள் அந்தப் பெண். அவ்வளவு சொன்னதற்கே பயந்தவள்போல உடனே வைத்துவிட்டாள்.

முதலாளி கெரோல்ட் போப்பிங்காவிடம் போய்ச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே "சரி, சரி" என்றார். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? மழையும் எங்கள் டிரைவர் டியார்க்கின் வேனும்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் எங்கள் மூச்சுக் கருவிகள் ஓடுகின்றன. நுரையீரலோ தசையோ கைவிட்டவர்கள், படுத்தால் தானாக மூச்சு விட முடியாதவர்கள். கிடங்குச் சாவி என்னிடம் இருக்கிறது. மாஸ்க் கிழிந்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது கையில் இருப்பவை நான்கு.

அக்டோபர் 10, வெள்ளி

மதியம் போப்பிங்கா என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். பதினோரு வருடத்தில் அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"திங்கக்கிழமை கோர்ட்டுக்குப் போறேன், ஓக்கா. திவால் மனு. இனிமே முடியாது."

எனக்கு முதலில் வந்த கேள்வி என் சம்பளம் இல்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிறகு என்னையே நான் சந்தேகப்படாமல் இருக்க. "மிஷினெல்லாம்?" என்றேன்.

"எல்லாமே பேங்க் பேர்லதான் இருக்கு. கடன் வாங்கும்போதே ஈடா எழுதிக் குடுத்தாச்சு."

"வீட்டுல ஓடிட்டிருக்கறதுமா?"

"அதுவுந்தான். ஒவ்வொண்ணோட நம்பரும் அந்தப் பத்திரத்துல இருக்கு."

அந்த நம்பர்களைத் தட்டச்சு செய்து கொடுத்தவளே நான்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால். 'இணைப்பு மூன்று' என்று தலைப்புப் போட்டேன். எதற்கான இணைப்பு என்று கேட்கவில்லை.

அக்டோபர் 11, சனி

செய்துவிட்டேன்.

காலையில் தனியாகக் கிடங்குக்குப் போனேன். அலமாரியில் பத்தொன்பது மாற்றுக் கருவிகள் இருந்தன. ஆறை எடுத்து என் சொந்தக் காரில் ஏற்றினேன். பதிவேட்டில் எழுதவில்லை. கரையோரம் தள்ளி இருக்கும் ஐந்து வீடுகளுக்கு ஒவ்வொன்று. ஆறாவதை யூயிஸ்ட் தீவு வீட்டுக்குப் போனில் சொல்லிக் கப்பலில் ஏற்றிவிட்டேன். அங்கே கடல்நீர் ஏறும் நேரத்தில்தான் கப்பல் வரும், காற்று அடித்தால் அதுவும் இல்லை. அங்கே ஒரு கருவி நின்றுபோனால் அடுத்தது வர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் அவர்களிடம் இல்லை.

மற்ற ஐந்து வீட்டிலும் "சோதனைக்கு வச்சிட்டுப் போறேன், அலமாரிக்குள்ள இருக்கட்டும்" என்றேன். பில்சும் ஊரில் கேஷ ஊபன் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு எழுபத்தாறு வயது. கணவர் ஃபோக்கோவுக்குத்தான் கருவி.

"சனிக்கிழமையில சோதனையா? அதுவும் உன் கார்லயா?"

"வேன் ரிப்பேர், கேஷம்மா."

"ம்ம். உக்காரு, டீ ஊத்தறேன்."

மூன்று கோப்பை குடிக்காமல் அந்த வீட்டை விட்டு வர முடியாது.  சூடான டீயில் கற்கண்டு உடைகிற சத்தத்துக்கே திடுக்கிட்டேன்.

எனோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருடமாகக் கணவனாக இருக்கிறவன். கடலோரக் கரை பலப்படுத்தும் வேலை; எங்கே தண்ணீர் கசிகிறது என்று முகர்ந்தே கண்டுபிடிப்பான். சாப்பிடும்போது இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தான்.

அக்டோபர் 13, திங்கள்

மனு கொடுத்தாகிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

நீதிமன்றம் அனுப்பிய திவால் நிர்வாகி வந்துவிட்டார். தேயா லூட்மன், ஐம்பது வயதிருக்கும் பெண், ஈரமான சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே எங்கள் எல்லாரிடமும் பேசினார்.

"மூணு மாசம் உங்க சம்பளத்த அரசு பாத்துக்கும். வேலை நிக்காது. ஆனா ஒண்ணு. இன்னையிலேருந்து இந்தக் கட்டடத்துலேருந்து ஒரு ஸ்க்ரூ வெளிய போனாலும் எனக்குத் தெரியணும். போன வாரம் போயிருந்தாலும் தெரியணும்."

கடைசி வாக்கியத்தை எல்லாரையும் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு மட்டும் சொன்னதுபோல் கேட்டது. இப்போதே எழுந்து சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

செய்தித்தாளில் வந்துவிட்டது. காலையிலிருந்து நாற்பத்தொரு அழைப்புகள். எல்லாருக்கும் ஒரே கேள்வி.

கேஷ ஊபன்: "அதத் தூக்கிட்டுப் போயிருவாங்களா? உண்மையச் சொல்லு பொண்ணே. டிராக்டர ஜப்தி பண்ணத நான் பாத்திருக்கேன். எங்கப்பா வாசல்ல நின்னு பாத்துட்டேதான் இருந்தாரு."

"மாட்டாங்க" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

அக்டோபர் 20, திங்கள்

வங்கியின் ஆள் வந்தார். கெஸ்ஸன்ஸ். ஈட்டுப் பொருள்களை எண்ணி, மதிப்புப் போட்டு, விற்றுக் கொடுப்பது அவர் வேலை. நாற்பது வயது, மரியாதையான மனிதர். கால்மிதியில் ஷூவை இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

பட்டியலில் இருநூற்று முப்பத்தொன்று. வீடுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு. அப்படியானால் கிடங்கில் பத்தொன்பது. ஒவ்வொன்றாக நம்பரைப் படித்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார். பதின்மூன்றோடு அலமாரி முடிந்துவிட்டது. திரும்ப எண்ணினார்.

"ஆறு குறையுதுங்களே?"

"ரிப்பேருக்குப் போயிருக்கும்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது பொய். என் குரல் மாறக்கூட இல்லை. கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த லூட்மன் என் பக்கம் திரும்பினார். "அப்ப அனுப்பின ரசீது இருக்கும். அத எடுத்து வைங்க, திருமதி பேரண்ட்ஸ்."

இல்லாத ரசீதை எங்கிருந்து எடுப்பது?

அக்டோபர் 21, செவ்வாய்

சாப்பிட முடியவில்லை. ஈடாக இருக்கும் பொருளை அப்புறப்படுத்தினால் என்ன தண்டனை என்று தேடினேன். முதல் மூன்று வரியோடு மூடிவிட்டேன். அதில் 'சிறை' என்ற சொல் இருந்தது.

அக்டோபர் 23, வியாழன்

இன்று அவர்கள் இருவரும் மோதிக்கொண்டார்கள். கிடங்குக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். கேட்காமல் இருக்க முடியாது.

கெஸ்ஸன்ஸ்: "பத்திரப்படி இதெல்லாம் பேங்கோட சொத்து. எங்க பொருள நாங்க எடுத்துக்கறதுக்கு உங்களக் கேக்கணுமா?"

லூட்மன்: "கேக்கணும். திவால்னு வந்தப்புறம் அந்தப் பத்திரத்துக்கு ஒரே அர்த்தந்தான். வித்து வர்ற காசுல நீங்க முதல் ஆளு, மத்தவங்கல்லாம் உங்களுக்குப் பின்னாடி. அத நான் மறுக்கல. ஆனா பொருளத் தூக்கிட்டுப் போறது வேற. தொழில் நடக்கத் தேவையானத யாரும் தொடக்கூடாதுன்னு கோர்ட் நேத்து உத்தரவு போட்டாச்சு. இந்தாங்க, படிங்க."

"வீடுகள்ல கெடக்கறது உங்க கையிலயே இல்லையே?"

"வாடகைக்கு விட்டது இந்தக் கம்பெனி. திருப்பிக் கேக்கற உரிமையும் இதுக்குத்தான். சட்டத்துல அதுவும் என் கைதான். ஓடற வரைக்கும் தேய்மானத்துக்கான காச உங்களுக்குக் குடுப்பேன். வேற என்ன வேணும்?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு கெஸ்ஸன்ஸ் மெதுவாகக் கேட்டார்: "சரி. ஓடாம அலமாரியில சும்மா இருக்கறது?"

"அதப் பத்திப் பேசலாம்" என்றார் லூட்மன்.

அப்படியானால் ஓடுகிற கருவிகளை யாரும் எடுக்கப்போவதே இல்லை. அதற்குக் கோர்ட்டே தடை போட்டுவிட்டது! நான் யாரிடமிருந்து எதைக் காப்பாற்றினேன்? சும்மா இருக்கிற ஆறைத் திருடி, ஒளித்து, பொய் சொல்லி —

திருடி. அந்தச் சொல்லை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

அக்டோபர் 27, திங்கள்

டியார்க்கைச் சந்தேகப்படுகிறார்கள்.

பழைய மோட்டார் சைக்கிள் பாகங்களை இணையத்தில் விற்பது அவன் பொழுதுபோக்கு. எங்கள் எல்லாருக்கும் தெரியும். இன்று கெஸ்ஸன்ஸுக்கும் தெரிந்துவிட்டது. வேனின் சாவி யாரிடம் இருக்கும், ஓடிய தூரக் கணக்கு எங்கே என்று கேட்டிருக்கிறார். டியார்க் என்னிடம் வந்து சிரித்தான்.

"பாருங்க ஓக்கா, என் மூஞ்சியப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு? மூச்சு மிஷின வச்சு நான் என்ன பண்ணப்போறேன், பைக்குக்கு மாட்டவா?"

சிரித்தானே தவிர காது நுனி வரை சிவந்திருந்தது. அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.

நான் என்ன செய்தேன்? நானும் சிரித்தேன். அவனோடு சேர்ந்து சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து எனோவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"நாளைக்குக் காலையில எத்தன மணிக்கு அந்தம்மா வருவாங்க?"

"எட்டு."

"ஏழே முக்காலுக்கு நீ அங்க இரு. நான் கொண்டுவந்து விடறேன். நீயா ஓட்டினா பாதி வழியில திரும்பிருவ."

அக்டோபர் 28, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

லூட்மன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே கேட்டார். ஆறு வீடுகளின் பெயர், தேதி, காரணம். நான் முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். அதைத் துடைக்க இத்தனை நேரமா என்று தோன்றும்வரை துடைத்தார்.

"மாத்து மிஷின் இல்லாம இந்தத் தொழில் நடக்குமா, திருமதி பேரண்ட்ஸ்?"

"நடக்காது."

"அப்ப மாத்து மிஷினும் தொழிலுக்குத் தேவைதான? எத்தன வேணும்னு நீங்க எங்கிட்ட ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருந்தா அத உத்தரவுக்குள்ள கொண்டுவந்திருப்பேன். அலமாரியிலயே பத்திரமா இருந்திருக்கும். நீங்க கேக்கல. ஒளிச்சீங்க. இப்ப அந்தாளு முன்னாடி நான் எந்த முகத்த வச்சுட்டு 'எங்க கணக்கு சரியா இருக்கு'ன்னு சொல்றது?"

அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அழுதேன்.

"போலீசுக்குப் போவீங்களா?"

"எல்லாம் திரும்ப வந்து சேரட்டும். அதுக்கப்புறம் யோசிக்கறேன். நீங்களே போய் எடுத்துட்டு வரணும். டியார்க்கிட்டயும் நீங்களேதான் சொல்லணும்."

டியார்க்கிடம் சொன்னேன்.  "நேத்து எங்கூட சிரிச்சீங்களே ஓக்கா" என்று மட்டும் சொன்னான். இதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

அக்டோபர் 30, வியாழன்

யூயிஸ்ட் உட்பட ஐந்து வந்துவிட்டன. கப்பலுக்காக மூன்று மணி நேரம் குளிரில் நின்றேன்.

நான் எந்த ஆளைப் பார்த்துப் பயந்தேனோ அந்த ஆள் நானே ஆகிவிட்டேன். கதவைத் தட்டுகிறேன், கருவியைத் தூக்குகிறேன், கையெழுத்து வாங்குகிறேன். தீவில் அந்த வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது ஓடறதையும் எடுக்க வருவீங்களா?" என்று கேட்டாள். கோர்ட் உத்தரவின் நகலைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதையும் படித்தாள். கடைசி வரை அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

மீதி ஒன்று. ஊபன் வீடு. போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

விடுமுறை நாள். இருந்தும் போனேன்.

கேஷ கதவைப் பாதிதான் திறந்தாள். "அவரு தூங்கறாரு."

"நான் குடுத்த அந்தப் பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போயிடறேன், கேஷம்மா."

"அது இல்ல."

"இல்லைன்னா?"

"தொலஞ்சு போச்சு."

 ஒன்று குறைந்தால் போலீஸ், அவ்வளவுதான் என்று மனதில் ஓடியது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

படுக்கையறையில் ஃபோக்கோ மாஸ்க் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கருவியின் நம்பரைப் பார்த்தேன். நான் அந்தச் சனிக்கிழமை கொண்டுவந்தது. பழையது அலமாரிக்குள் கம்பளியால் மூடிக் கிடந்தது.

"பதினேழாம் தேதி சாயங்காலம் அது நின்னுபோச்சு. அவரு உதடெல்லாம் நீலமா ஆயிருச்சு. நீ வச்சத மாட்டினேன். ஓடிச்சு."

"ஏன் என்னைக் கூப்பிடல? அவசரத்துக்குன்னு நம்பர் இருக்கே?"

"கூப்பிட்டா ரெண்டையும் தூக்கிட்டுப் போயிருவீங்க. கம்பெனி திவாலு, மிஷினெல்லாம் பேங்க் பேர்லன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சே! கெட்டுப்போனதச் சொன்னா, அப்ப இது எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

பதினான்கு நாட்கள். ஒரே ஒரு கருவியை நம்பி, யாருக்கும் சொல்லாமல், இவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். என்னைப்போலவே பயந்து. என்னைப்போலவே ஒளித்து.

லூட்மனை அவர் வீட்டு நம்பரில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். "ஓடிட்டிருக்கா?" என்றார்.

"ஓடிட்டிருக்கு."

"அப்ப அதத் தொடாதீங்க. நம்பரையும் தேதியையும் எழுதி, அவங்ககிட்டக் கையெழுத்து வாங்குங்க. 'பயன்பாட்டில்'னு போடுங்க. கெட்டத எடுத்துட்டு வந்துருங்க. அப்புறம் இன்னொண்ணு. கிடங்கு அலமாரியிலேருந்து ஒரு மாத்து மிஷின இன்னைக்கே அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுங்க. இந்தத் தடவ பதிவேட்டுல எழுதிட்டு."

நவம்பர் 3, திங்கள்

எழுத்தில் எச்சரிக்கை. என் கோப்பில் வைத்தாயிற்று. கிடங்குச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் இல்லை.

"நீங்க வைக்கலன்னா அந்தப் பெரியவரு என்ன ஆயிருப்பாருன்னு யோசிக்கறீங்கல்ல?" என்றார் லூட்மன். "யோசிக்கலாம். ஆனா இந்தத் தாள்ல நான் எழுதியிருக்கறது அதப் பத்தி இல்ல."

கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

திவால் வழக்கு முறையாகத் தொடங்கிவிட்டது. இனி விற்பது லூட்மனின் அதிகாரம். வாங்க ஒருவர் வந்திருக்கிறார், ஓல்டன்பர்க்கில் இதே தொழில் செய்யும் இம்கே ஹார்ம்ஸ். ஆட்கள், வேன்கள், கருவிகள், நோயாளிகள், எல்லாம் சேர்த்து.

ஆனால் ஈடு வாங்கியவருக்கு, அதாவது வங்கிக்கு, முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். இதைவிட நல்ல வழி இருந்தால் காட்ட அவர்களுக்கு ஒரு வாரம். கெஸ்ஸன்ஸ் காட்டிவிட்டார். பழைய மருத்துவக் கருவிகள் வாங்கும் ஒரு வியாபாரி. கருவிகள் மட்டும் போதும், கூடுதல் விலை. அவருக்கு வீடுகளும் வேண்டாம், நாங்களும் வேண்டாம்.

 லூட்மனிடம் கேட்டேன், அப்படி நடக்குமா என்று. "நடக்கலாம். கூடுதலா வர்றத நான் விட்டா, அந்த வித்தியாசத்த பேங்குக்கு நான் ஈடு கட்டணும். எங்கேருந்து கட்டறது?" அவர் முகத்தில் பயத்தைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஜனவரி 12, திங்கள்

வியாபாரி வந்தார். இரண்டு கருவிகளைத் திறந்து ஓடிய நேரத்தைப் படித்தார். பதினான்காயிரம் மணி நேரம். பதினாறாயிரம். உதட்டைப் பிதுக்கினார். "இதுங்கல்லாம் மூச்சு விட்டே கெழடாப் போச்சே" என்றார். வீடு வீடாகப் போய் எடுக்கும் செலவு வங்கியுடையதா, தன்னுடையதா என்று கேட்டார். கெஸ்ஸன்ஸ் அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு கெஸ்ஸன்ஸ் ஒரு கருவியைப் போடச் சொன்னார். அந்தக் காற்று ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"பக்கத்துல படுக்கறவங்க இந்தச் சத்தத்துல எப்படித் தூங்கறாங்க?"

"சத்தம் நின்னாத்தான் முழிச்சுக்குவாங்க" என்றேன்.

ஜனவரி 15, வியாழன்

ஒரு வாரம் முடிந்தது. வியாபாரி சொன்ன விலை பாதியாக இறங்கிவிட்டது. ஹார்ம்ஸுக்கே விற்கிறார்கள். வங்கி சம்மதித்தது. 

டியார்க்குக்குப் பெண் குழந்தை. எல்லாருக்கும் போட்டோ அனுப்பினான். எனக்கும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கோப்பில் இருக்கும் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் எடுத்தார் இம்கே ஹார்ம்ஸ். சாவி இல்லை, வீடுகளுக்குப் போகும் வேலை.

இன்று ஒரு பட்டியல் கேட்டார். எல்லாக் கருவிகளின் நம்பரும், எந்த வீடு என்பதும். "எதுக்கு?" என்றேன்.

"வாங்கறதுக்கு லோன் போட்டேன்ல. புது பேங்க் ஈடு கேக்குது. வழக்கமா நடக்கறதுதான் ஓக்கா."

அதே கருவிகள். அதே நம்பர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

"பத்திரத்த நான் படிக்கலாமா?"

விசித்திரமாகப் பார்த்தார். கொடுத்தார். வீட்டுச் சமையலறை மேசையில் பத்தொன்பது பக்கங்களையும் படித்தேன். எனோ கேட்டான், "புரியுதா?" பாதி புரிந்தது. கடன் தவணை தவறினால் வங்கி ஈட்டுப் பொருளை 'உடனடியாக' எடுத்துக்கொள்ளலாம் என்ற இடம் புரிந்தது. திவாலாகி நீதிமன்றம் உள்ளே வருவதற்கு முந்தைய நாட்களுக்கு எந்த உத்தரவும் கிடையாது என்பதும்.

பிப்ரவரி 11, புதன்

ஹார்ம்ஸிடம் கேட்டேன். வீட்டில் ஓடும் கருவியை எடுப்பதற்கு எட்டு வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?  கேட்டு முடித்துவிட்டேன்.

"பேங்க் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். கேட்டுப் பாருங்க."

பிப்ரவரி 27, வெள்ளி

பத்திரம் வந்தது. பதினோராம் பக்கத்தில் புதிதாக ஒரு வரி. எட்டு வாரம் இல்லை, நான்கு.

வங்கி எடுக்க வந்தால், ஒவ்வொரு வீட்டிலும் வேறு கருவி மாட்ட இருபத்தெட்டு நாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தால் நாளைக்கு எட்டு வீடு. தீவுக்குப் போக ஒரு முழு நாள் வேண்டும், அந்த எட்டு வீட்டை மற்ற நாட்களில் பங்கு போட வேண்டும்.

முடியும்.